பட்டிமண்டபமும் பட்டிமன்றமும்

வாதம் எதற்காக? எதிராளியை வெல்வதற்காகவா, உண்மையைத் தெளிவதற்காகவா? எமது பல்கலைக்கழகங்களிலே பட்டிமன்றங்களுக்கும் விவாதப் போட்டிகளுக்கும் குறைவில்லை, கைதட்டலுக்கும் குறைவில்லை. ஆயினும், மண்டபத்தைவிட்டு வெளியேறுவோரில் எத்தனைபேர் தமது கருத்தை மீளாய்வு செய்தவண்ணம் செல்கின்றனர் என வினவின், விடை மகிழ்ச்சி தருவதாக இராது. இக்குறையின் தன்மையை விளங்கிக்கொள்வதற்குத் தமிழிலுள்ள வாத இலக்கியங்களை, சிறப்பாக மணிமேகலையையும் நீலகேசியையும், மீண்டும் நோக்குதல் பயனுடையது.

மணிமேகலையின் முதற் காதையிலே, இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறவேண்டும் என்கிறான். பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறு அடுத்து வேண்டுகிறான். நகரத்தின் விழாவிலே வாதத்துக்கு ஓர் இடமும் உண்டு. அதற்கு ஓர் எல்லையும் உண்டு என்பது இதனாற் புலனாகும்.

இருபத்தேழாம் காதையிலே, வஞ்சி நகரில் அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பதின்மரின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறிகிறாள். அவள் அங்கு மாதவன் வடிவிற் செல்வது கவனிக்கத்தக்கது. இளம்பெண் என்று கருதி எவரும் தமது சமயப் பொருளை அவளுக்கு உரைக்கமாட்டார் என்று மணிமேகலா தெய்வம் முன்னரே கூறியிருந்தது. யார் பேசலாம், யாருக்கு விடை கூறப்படும் என்பது வாதத்தின் முதல் வினா என்பதைக் காப்பியம் அறிந்திருந்தது எனலாம். அவள் பெரும்பாலும் கேட்கிறாள், குறைவாகவே பேசுகிறாள். காட்சி ஒன்றே அளவை என்னும் பூதவாதியிடம் மாத்திரம், தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிவாய் என வினவுகிறாள். நீண்ட மறுப்புரை செய்யமுடியாததை அவ்வொரு வினா செய்துவிடுகிறது.

எனினும் காப்பியத்தின் குறையையும் மறைத்தலாகாது. இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றையும் அவற்றின் போலிகளையும் விரிவாகக் கற்பிக்கிறார். ஆனால் அந்த அளவுகோல் அவர் போதிக்கும் பௌத்தத்தின்மீது பிரயோகிக்கப்படுவதில்லை. பிறர்முன் பரிசோதகராக நின்றவள் இங்கு மாணவியாக மாத்திரமே நிற்கிறாள்.

சமண நூலாகிய நீலகேசி, பௌத்த நூலாகிய குண்டலகேசிக்கு எதிராக எழுந்தது. முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த நீலி, அவரது அறவுரையால் மனம் மாறுகிறாள். பின்னர் குண்டலகேசி, மொக்கலர், புத்தர் முதலியோருடன் வாதிட்டு வெல்கிறாள். தருக்கத் திறனிலும் எள்ளலிலும் இந்நூல் தனிச்சிறப்புடையது. ஆனால் மனமாற்றத்தாலே தோன்றிய இக்கதாநாயகி அதன்பின் ஒருமுறையேனும் மனம் மாறுவதில்லை, மாறுவோர் எதிராளிகளே. எதிராளியின் வினாவையும் விடையையும் ஆசிரியரே எழுதும்போது வெற்றி முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. இதிலே ஒரு விந்தையும் உண்டு. குண்டலகேசி என்னும் நூல் இன்று முழுமையாகக் கிடைத்திலது. அதனைப் பற்றிய குறிப்புகள் பலவற்றை நீலகேசியும் அதன் உரையுமே எமக்குத் தருகின்றன. மறுக்கப் புகுந்தவர், மறுக்கப்பட்டதை எடுத்துரைத்தமையாற் கிடைத்த பயன் இது. பரபக்கம் கூறிய பின்னரே சுபக்கம் நிறுவும் சிவஞானசித்தியாரின் அமைப்பும் இம்மரபின் வலிமையையே காட்டுகிறது.

பாளி மரபிலுள்ள பத்தா குண்டலகேசியின் கதை வேறொரு வகையில் முக்கியமானது. ஊர்வாயிலில் நாவற்கிளையை நட்டு வாதுக்கு அழைத்துவந்த அவள், சாரிபுத்தரின் ஒரு வினாவுக்கு விடை தெரியாது நின்றாள். தோல்வியை ஒப்புக்கொண்டு அவ்வினாவின் விடையைக் கற்க விரும்பினாள். அவளுக்குத் தோல்வியே கல்வியின் வாயில் ஆயிற்று.

எமது அரங்குகளில் மூடப்பட்டிருப்பது இவ்வாயிலே. அணி முன்னரே வகுக்கப்படுகிறது. பேச்சாளர் தமக்குரிய பக்கத்தை இறுதிவரை விடலாகாது. எதிரணியின் மிக வலிய நியாயத்தை விடுத்து, நகைப்புக்கு இடமான ஒரு சொல்லைப் பற்றிக்கொள்பவரே பாராட்டப்படுகிறார். நடுவரோ ஈரணியையும் மகிழ்வித்துத் தீர்ப்பு வழங்குகிறார். தனக்கு உடன்பாடற்ற பக்கத்துக்காகப் பேசுதல் பிறர் கண்கொண்டு நோக்கும் பயிற்சியைத் தரும் என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அப்பயிற்சி நிறைவுறுவதற்கு, பேச்சாளர் பின்னர் தமது சொந்தக் கருத்துக்குத் திரும்பி அதனைச் சோதித்தல் வேண்டும். அதற்கு எமது அரங்கு இடமளிப்பதில்லை.

இரண்டு மாற்றங்களை முன்வைக்கலாம். மறுக்க எழுபவர், எதிராளி ‘ஆம், நான் கூறியது இதுவே’ என ஏற்குமாறு அவரது நியாயத்தை முதலில் எடுத்துரைத்தல் வேண்டும். இறுதிச் சுற்றிலே ஒவ்வொருவரும் எதிரணியிடமிருந்து தாம் ஏற்றுக்கொண்ட ஒரு கருத்தைக் கூறுதல் வேண்டும். நடுவர் அதற்கும் புள்ளி வழங்கலாம். கருத்து வேற்றுமை பகைமையாக மாறுவதன் விலையை நன்கறிந்த நாடு எமது நாடு. மனம் மாறுதலை இழிவாகக் கருதாத ஓரிடத்தையேனும் பல்கலைக்கழகம் பேணாவிடின், வேறெங்கே அது பேணப்படும்?