பார்னகட்டில் ஒதுங்கலாமா?

நியூயார்க் துறைமுக வாசலில் இருக்கும் சாண்டி ஹூக் முனையிலிருந்து தெற்கே கேப் மே வரை நியூஜெர்சிக் கடற்கரை ஏறத்தாழ 108 கடல் மைல். இலையுதிர் காலத்தில் தெற்கே இறங்கும் பாய்மரப் படகுகள் இந்தக் கரையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். 30 அடிப் படகு, இரண்டு பேர், மணிக்கு 5 கடல் மைல் வேகம் என்று வைத்துக்கொண்டால் 22 மணி நேரப் பயணம். இடையில் தங்குவதா? தங்கினால் எங்கே?

பெரும்பாலோர் இந்தக் கேள்வியைப் படகுத்துறையிலிருந்து தொடங்குகிறார்கள். வெந்நீர்க் குளியல் உண்டா, மின் இணைப்பு உண்டா, படகின் நீளத்துக்கு அடி ஒன்றுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரிக்கிறார்கள். பிறகு, அந்தத் துறைக்குப் போகும் முகத்துவாரம் எப்படி இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த வரிசை தவறு. மோசமான படகுத்துறையில் ஒரு ராத்திரித் தூக்கம் கெடும், அவ்வளவுதான். மோசமான முகத்துவாரம் படகையே கவிழ்த்துவிடும்.

வழியில் நான் எண்ணிப் பார்த்த முகத்துவாரங்கள் இவை: சாண்டி ஹூக்கிலிருந்து 25 கடல் மைலில் மனஸ்க்வான், அங்கிருந்து 21 மைலில் பார்னகட், பிறகு 28 மைலில் அட்லாண்டிக் சிட்டி, கடைசியாக 34 மைலில் கேப் மே. காகிதத்தில் பார்த்தால் பார்னகட்டைப் போல வசதியான இடமில்லை. பாதி வழியில் இருக்கிறது. உள்ளே அகலமான விரிகுடா, நங்கூரம் போட இடம், 1859இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் எல்லாம் உண்டு. முதன்முறை திட்டம் போடுகிற எவருடைய விரலும் வரைபடத்தில் அங்கேதான் போய் நிற்கும். என் விரலும் நின்றது.

கலங்கரை விளக்கத்தின் அடியிலிருந்து கடலுக்குள் நீளும் தெற்குக் கற்சுவரின் மேல் நடந்து போகலாம். ஓர் அக்டோபர் பிற்பகலில் அங்கே நின்றேன். காற்று அதிகமில்லை. எங்கோ தூரத்துப் புயல் கிளப்பிவிட்ட நீண்ட அலைகள் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தன. வற்றம் ஓடும் நேரம். விரிகுடாவின் தண்ணீர் அந்த ஒரு வாய் வழியாக வெளியே பாய்கிறது. எதிரே வரும் அலை அதில் முட்டியதும் நீளம் குறுகி, உயரம் ஏறி, மணல்திட்டின் மேல் சுவர் போல எழுந்து உடைகிறது. சுவரில் நின்ற எனக்கு வெள்ளை நுரை மட்டுமே தெரிந்தது. அப்போது வெளியிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு நெருங்கி வந்து, தயங்கி நின்று, பிறகு திரும்பிப் போனது. அந்தப் படகோட்டிக்கு நான் பார்த்த நுரை தெரிந்திருக்காது. கடல் பக்கமிருந்து பார்ப்பவருக்கு உடையும் அலையின் முதுகுதான் தெரியும். அது வழவழப்பாக, சாதுவாக இருக்கும். கரைக்குத் தெரியும் ஆபத்து கடலில் இருப்பவனுக்குத் தெரியாது என்பதுதான் முகத்துவாரங்களின் கொடுமை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியே கடல்மட்டம் தாழ்ந்து, மறுபடி ஏறத் தொடங்கிய பிறகும் முகத்துவாரத்தில் வெளியோட்டம் நிற்பதில்லை. பெரிய விரிகுடா, சின்ன வாய், வடிய நேரமாகும். ஏற்ற வற்ற அட்டவணையை மட்டும் பார்த்து, 'இப்போது ஏற்றம்தானே' என்று நுழைபவர் ஆழமும் குறைவான, ஓட்டமும் எதிரான நேரத்தில் போய் மாட்டுவார். மணல்திட்டும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. நியூஜெர்சியின் பல முகத்துவாரங்களில் மிதவைகளை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியிருப்பதால் வரைபடத்தில் அவற்றைக் குறிப்பதே இல்லை.

பார்னகட்டுக்காக வாதாடுபவர்கள், பழைய சுவர்கள் இரண்டும் அம்புமுனை போலக் குவிந்து நின்ற காலத்தோடு இன்றைய நிலையை ஒப்பிடக் கூடாது என்கிறார்கள். 1991இல் வடசுவருக்கு இணையாகப் புதிய தென்சுவர் கட்டி முடித்த பிறகு நிலைமை தேறியது உண்மை. உள்ளூர் மீனவர்கள் தினமும் போய் வருகிறார்கள். ஆனால் அவர்கள் நேற்றும் போனவர்கள். திட்டு எங்கே நகர்ந்தது என்று அறிந்தவர்கள். தமிழ்நாட்டில் தேங்காப்பட்டணம் துறைமுக வாயில் மணல் சேர்ந்து, அந்தக் கடலிலேயே வளர்ந்த மீனவர்கள் படகு கவிழ்ந்து இறந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, வருடத்துக்கு ஒருமுறை கடந்து போகும் வெளியூர்க்காரர் எதை நம்பி நுழைவது?

அட்லாண்டிக் சிட்டியின் கதை வேறு. வாய் அகலம், ஆழம் உண்டு. உள்ளே ஃபார்லி அரசுப் படகுத்துறையில் 600க்கும் மேற்பட்ட இடங்கள். கட்டணம் அதிகம்தான், சூதாட்ட விடுதியின் இரைச்சலும் கேட்கும். ஆனாலும் கிழக்குக் காற்றில் களைத்து வருபவர் நம்பி நுழையக்கூடிய வாய் இது. வடக்கிலிருந்து வருபவர் பிரிகன்டைன் திட்டுகளை விலக்கி, வெளியே தள்ளியே வர வேண்டும். இரவில் ஒரு தொல்லை உண்டு: விடுதிகளின் சிவப்பு, பச்சை விளக்குகளுக்கு நடுவில் மிதவையின் சிவப்பு, பச்சையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆகவே பகலிலேயே போய்ச் சேருவதுபோலக் கிளம்ப வேண்டும்.

மனஸ்க்வானுக்குக் கற்சுவர் உறுதி, வாய் நேர். ஆனால் உள்ளே பல படகுத்துறைகள் ரயில் பாலத்துக்கு அப்பால் இருக்கின்றன. ரயில் வந்தால் பாலம் இறங்கிவிடும். பின்னாலிருந்து நீரோட்டம் தள்ள, குறுகலான இடத்தில் படகைப் பிடித்து நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பாலத்துக்கு இப்பால் இடம் கிடைத்தால், வசதி குறைவாக இருந்தாலும் அதையே எடுப்பேன். கேப் மே பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. கடலுக்கே போகாமல் கரைக்கு உட்புறமாக ஓடும் உள்நாட்டு நீர்வழியில் போகலாமே என்றால், தண்ணீருக்கடியில் நாலரை அடி இறங்கும் பாய்மரப் படகுக்கு அது தோதுப்படாது. தூர்ந்து கிடக்கிறது, பாலங்களும் தாழ்வு.

முன்பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணம் கட்டிய இடம் ஒன்று முன்னால் காத்திருந்தால், காற்று மாறிய பிறகும் மனம் அங்கேயே இழுக்கும். ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் துறைதான் என் கணக்கில் நல்ல துறை.

எங்கும் தங்காமல் ஓர் இரவு கடலிலேயே ஓடி, மறுநாள் பகலில் கேப் மேயில் நுழைவதும் மதிக்கத்தக்க வழிதான். ஒரே ஒரு வாயில்தான் கடக்க வேண்டியிருக்கும். குளிர்க்காற்று முகப்பு கடந்த பின் கரையிலிருந்து வடமேற்குக் காற்று இரண்டு நாள் வீசினால் அதுவே சிறந்தது. ஆனால் இரண்டே பேர் மாறி மாறிக் காவலிருந்து, 22 மணி நேரம் கழித்துச் சோர்ந்த கண்ணோடு துறை சேர வேண்டும். இரவுப் பயணம் பழகாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

அவர்களுக்கு என் தீர்ப்பு: மனஸ்க்வான், அட்லாண்டிக் சிட்டி, கேப் மே. மூன்று பகல். இதில் பலவீனமான கண்ணி நடுவிலுள்ள 49 மைல்தான். தென்மேற்குக் காற்று எதிரே வீசினால் வேகம் மூன்றரைக்கு இறங்கிவிடும். அப்போது இடது கையில் கடல், வலது கையில் பார்னகட் கலங்கரை விளக்கம். கரையிலிருந்து காற்று, உள்ளோட்டம், கிழக்கு அலை இல்லாத நண்பகல், இவை எல்லாம் கூடி வந்த நாளில் பார்னகட்டில் நுழையலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது புகலிடமாகாது. புகலிடம் தேவைப்படும் நாளில்தான் அது மூடிக்கொள்கிறது. தென்மேற்குக் காற்றில் உண்மையான புகலிடம் பின்னால் இருக்கிறது. செப்டம்பர் நடுவில் காலை 6 மணிக்கு மனஸ்க்வானை விட்டால், பார்னகட்டுக்கு நேரே வரும்போது மணி பதினொன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அட்லாண்டிக் சிட்டியை அடையும்போது இருட்டிவிடும். படகைத் திருப்ப வேண்டும். காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளும். மூன்றரை, நாலு மணி நேரத்தில், பிற்பகல் வெளிச்சத்திலேயே, காலையில் அவிழ்த்த அதே கயிற்றை அதே கட்டையில் மறுபடி கட்டிவிடலாம்.