புளியரையில் வசூல், குவாரி வாசலில் பள்ளம்

தென்காசி மாவட்டத்தில் சாலையைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது கடைசியில் கேரள எல்லையோரப் புளியரையில்தான் போய் நிற்கும். செங்கோட்டையைத் தாண்டி, 'எஸ்' வளைவில் ஏறி, கோட்டைவாசலைக் கடந்தால் ஆரியங்காவு. திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 மலையைக் கடக்கும் இடம் அது. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் லாரிகள் அந்த வழியாகத்தான் கேரளத்துக்குப் போகின்றன. "கேரளாவுக்குப் போற வண்டிகிட்ட எல்லையிலேயே காசை வாங்கி ரோட்டைப் போடட்டுமே" என்று டீக்கடையில் சொல்பவர் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் பாதிதான் சரி.

சரியான பாதியை முதலில் பார்க்கலாம். சைக்கிள்கூட இல்லாதவர் கட்டும் வரியில் லாரிக்காரருக்குச் சாலை போடுவதைவிட, ஓட்டுகிறவரிடமே வாங்குவது நேர்மை. கணவாயில் வசூலிப்பது சுலபமும்கூட. சமவெளிச் சுங்கச்சாவடி என்றால் ஊருக்குள் புகுந்து சுற்றிப் போய்விடலாம். மலையில் கனரக வண்டிக்கு அந்த வசதி கிடையாது.

எவ்வளவு வாங்குவது என்று வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. சாலைத் தேய்மானம் வண்டியின் அச்சுச் சுமைக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனை, அச்சின் சுமை இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்று காட்டியது. நம் நாட்டில் 2018-ல் ஓர் அச்சுக்கு அனுமதித்த சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். சுமை கூடியது 13 சதவீதம். அதே கணக்கில் பார்த்தால் சேதம் 60 சதவீதம். இது சட்டப்படி ஏற்றும் லோடு. எல்லையோரச் சாலைகளில் எல்லா லோடும் சட்டப்படி ஏற்றியதுதானா என்பதை வாசகர் அறிவார்.

இப்போது கட்டண அட்டவணையைப் பாருங்கள். 2008-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின் அடிப்படை விகிதம் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு, இரண்டு அச்சு லாரிக்கு 2 ரூபாய் 20 காசு, நான்கு முதல் ஆறு அச்சு வண்டிக்கு 3 ரூபாய் 45 காசு. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் தொகை ஏறினாலும் விகிதம் இதுதான். காரைப் போல ஐந்து மடங்குக்குச் சற்று மேல் கட்டும் வண்டி, சாலையைத் தேய்ப்பதோ காரைப் போலப் பல்லாயிரம் மடங்கு. நிலமெடுப்பும் பாலமும் எல்லா வண்டிக்கும் பொதுச்செலவு என்பதால் இடைவெளி முழுவதும் அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற குடும்பத்தின் கார், ஜல்லி லாரியின் செலவில் ஒரு பங்கைச் சுமக்கிறது.

அப்படியானால் எடைக்கு எடை வாங்கிவிடலாமா? பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இதை ஆதரித்தார். எடைக்கேற்ற சுங்கமே தேய்மானத்துக்கு நியாயமான ஈடு என்றார். கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார். அந்தச் சுங்கம் அரசின் பொது வருமானமாக மாறிவிட்டால், மலிவான கனத்த சரக்குதான் அடி வாங்கும் என்றார். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து போகும் காய்கறி லோடையும் செல்போன் பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஆக, எடைக்கு வாங்கினால் அந்தப் பணம் சாலைக்கே போக வேண்டும். எல்லை வசூலில் சறுக்கும் இடம் இதுதான்.

இந்த எல்லைக்கு வசூல் புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் பிறகு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்தது. எல்லை என்பது தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே. 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தில் சமஸ்தானம் எல்லைச் சுங்கத்தைப் பெருமளவு விட்டுக்கொடுத்தது. பின்னாளில் வணிகவரிச் சோதனைச்சாவடி வந்தது. லாரிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அது போனது. மோட்டார் வாகனச் சோதனை மிஞ்சி நிற்கிறது. வெளிமாநில வண்டிகளிடம் வாங்கும் வரி அரசின் பொதுக் கணக்கில் சேர்கிறது. அது எந்த ரோட்டுக்குப் போனது என்று யாரும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமிருந்தது. 1962-ல் ராஜஸ்தான் வாகன வழக்கில், சாலை வசதிக்கு ஈடாக வாங்கும் வரி வணிகச் சுதந்திரத்தைத் தடுக்காது என்றது உச்ச நீதிமன்றம். வரிக்கும் வசதிக்கும் முடிச்சுப் போட்ட தீர்ப்பு அது. 2016-ல் ஜிண்டால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தக் கோட்பாட்டையே கைவிட்டது. மாநிலங்களின் வரி அதிகாரத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். சாலைக்கு நல்லதில்லை என்பது என் கருத்து. சுங்கச்சாவடியிலும் இதே நழுவல் உண்டு. முதலீடு திரும்பிய பிறகு கட்டணத்தை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்ன பழைய விதி, 2023 திருத்தத்தோடு போயிற்று.

எல்லைக்கே உரிய இன்னொரு கோளாறும் இருக்கிறது. சாவடி இருக்கும் மாவட்டத்தில் பதிவான வணிக வண்டிக்கு, நேஷனல் பெர்மிட் வண்டி தவிர, பாதிக் கட்டணச் சலுகை உண்டு. சமவெளியில் இது ஓரளவு நியாயம். புளியரையில் ஒரு சாவடி வந்தால் என்ன ஆகும்? தென்காசி வண்டிக்குப் பாதி. சில கிலோமீட்டர் தள்ளி ஆரியங்காவிலிருந்து செங்கோட்டைக்கு வரும் வண்டி கொல்லம் மாவட்டத்துப் பதிவு. அதற்கு முழுக் கட்டணம். மாநிலம் பிரித்த பிறகும் பெண் கொடுத்து எடுத்து, இரண்டு பக்கமும் கடை வைத்துப் பிழைக்கிற ஊர்கள் இவை. சாவடி இவர்களிடம் தூரத்துக்கு வாங்காது, எல்லைக் கோட்டைத் தாண்டியதற்கு வாங்கும்.

பக்கத்து வீட்டாரின் பதிலடியையும் மறக்கக் கூடாது. 2016 நவம்பரில் மலேசியா, ஜொகூர் வழியாக வரும் வெளிநாட்டு கார்களுக்கு 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் விதித்தது. அடுத்த பிப்ரவரியிலேயே வெளிநாட்டு கார்களுக்குச் சிங்கப்பூர் 6.40 வெள்ளி விதித்தது. இரு நாடுகளையும் இணைக்கும் பாலத்தைத் தினமும் காரில் கடக்கும் தமிழர்களுக்கு இது மாதாந்திரச் செலவு. நாம் புளியரையில் தொடங்கினால் ஆரியங்காவு சும்மா இருக்காது.

இத்தனைக்கும் மேலாக, எல்லையில் வாங்கும் காசு சேதம் தொடங்கும் இடத்துக்குத் திரும்புவதில்லை. கடையம், ஆலங்குளம் பக்கத்துக் குவாரியிலிருந்து லாரி முதலில் இறங்குவது ஊராட்சிச் சாலையில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புழுதி தின்பது அங்கே. பத்து டன் அச்சைத் தாங்கப் போட்ட சாலையல்ல அது. நெடுஞ்சாலையில் எவ்வளவு வசூலித்தாலும் அதில் ஒரு ரூபாய்கூட ஊராட்சிக்கு வராது.

ஆகவே வசூலைக் குவாரி வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பேன். நடைச்சீட்டு என்னும் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு லோடு வெளியே வரக் கூடாது என்பது ஏற்கெனவே விதி. எடைமேடையைக் கட்டாயமாக்கி, எடையையும் போகும் தூரத்தையும் வைத்துச் சீட்டிலேயே சாலைக் கட்டணத்தைச் சேர்த்தால், காய்கறி வண்டியும் கல்யாண வண்டியும் தப்பும். குவாரிக்காரர் அதை விலையில் ஏற்றுவார். கொல்லத்தில் வீடு கட்டுகிறவர் கொடுப்பார். அதோடு தென்காசியில் வீடு கட்டுகிறவரும் கொடுப்பார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பணத்தை மாவட்டக் கனிம அறக்கட்டளை வழியாக, லாரி ஓடும் ஊராட்சிகளின் பெயரில் தனிக் கணக்காக வைக்கலாம். வரவு செலவைக் கிராமசபையில் படிக்க வேண்டும். ஒரே சீட்டில் இரண்டு நடை ஓட்டுகிறவரை இது தடுக்குமா? தடுக்காது. அதற்குப் புளியரையில் ஓர் எடைமேடையும் அதைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கேமராவும் வேண்டும். பணம் வாங்கும் கை அங்கே வேண்டாம்.