கடைசியில் நிற்கும் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது?

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அவள் பள்ளியில் ஆறுகளைப் பற்றிய செயல்வழி வகுப்பு. பெற்றோர் யாராவது உதவிக்கு வரலாம் என்றார்கள். போனேன். இரண்டு விளையாட்டுகள் நடந்தன. இரண்டும் 'ப்ராஜெக்ட் வெட்' என்ற அமெரிக்க அமைப்பு ஆசிரியர்களுக்காக 1995-ல் வெளியிட்ட கையேட்டில் உள்ளவை. தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் புத்தகம் அது.

முதல் விளையாட்டின் பெயர் 'சம் ஆஃப் தி பார்ட்ஸ்'. பெரிய அட்டையில் ஓர் ஆற்றை வரைந்து துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலமும் பத்து லட்சம் டாலரும் சொத்தாக வருகிறது. என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். எல்லோரும் வரைந்து முடித்ததும் துண்டுகளைச் சேர்த்தால் முழு ஆறு. பிறகு ஆளுக்கொரு பொருளை, பென்சிலோ புத்தகமோ, 'இதுதான் நான் ஆற்றில் விடும் கழிவு' என்று கீழே இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் தன்னுடையதையும் சேர்த்து அடுத்தவருக்கு. கடைசிப் பிள்ளையின் கையில் ஒரு குப்பை மூட்டையே சேர்ந்துவிடும்.

பொருள்களைத் திருப்பி எடுக்கும்போதுதான் இதன் புத்திசாலித்தனம் தெரிகிறது. பெயர் எழுதிய புத்தகத்தை உடனே 'இது என்னோடது' என்று எடுத்துவிடலாம். ஒரே மாதிரி நாலு பென்சில் இருந்தால்? ஒரு குழாயிலிருந்து வரும் மாசு, எங்கிருந்து வந்தது என்றே சொல்ல முடியாத மாசு என்ற வேறுபாடு ஒரு வாய்ப்பாடும் இல்லாமல் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. இவ்வளவு எளிமையாக அதைச் சொல்ல என்னால் முடியாது.

ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் மகள் கேட்டாள்: "அப்பா, அப்போ சாயப்பட்டறைத் தண்ணியும் நம்ம பாத்திரம் கழுவுற தண்ணியும் ஒண்ணுதானா?"

நாங்கள் இருப்பது கோவை. எங்கள் ஆறு நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் புறப்பட்டு, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிறது. ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவின் உப்பு அதில் தேங்கி, அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம் கெட்டது. விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. இந்தக் கதை நடந்த ஊர்ப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வீட்டுக்கு ஒரு பென்சில், ஒரு சாய ஆலைக்கும் ஒரு பென்சில் என்று விளையாடினால் என் மகள் வேறு என்ன கேட்பாள்?

இது நோக்கத்தில் உள்ள தவறு இல்லை, மாடலில் உள்ள தவறு. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் எல்லா உள்ளீடுகளுக்கும் வெயிட் ஒன்று என்று வைத்துவிட்டார்கள். 'எல்லோரும் பொறுப்பு' என்பது உண்மைதான். எல்லோரும் சம அளவில் பொறுப்பு என்பது உண்மை இல்லை. பிள்ளை எடுத்துப்போவது இரண்டாவதைத்தான்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. இந்த ஆற்றில் எல்லோரும் எதையாவது போடுகிறார்கள், ஒருவர்கூடத் தண்ணீர் எடுப்பதில்லை! நம்மூரில் கடைமடைக்காரர் முதலில் கேட்பது 'தண்ணி வந்துச்சா' என்பதுதான், சுத்தமா என்பது அப்புறம். காவிரி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் நமக்குச் சொன்ன 177.25 டி.எம்.சி. என்பதும் அளவைப் பற்றியதே. அளவும் தரமும் தனித்தனி விஷயங்களும் இல்லை.

இரண்டாவது விளையாட்டு 'மேக்ரோஇன்வெர்டிபிரேட் மேஹெம்'. நீரில் வாழும் பூச்சிகளை வைத்து ஓடிப்பிடித்து விளையாடுவது. ஸ்டோன்ஃபிளை, மேஃபிளை, கேடிஸ்ஃபிளை ஆகியவற்றின் இளம்புழுக்களுக்கு நல்ல ஆக்சிஜன் வேண்டும். அதனால் அவை ஓடும்போது தடங்கல் உண்டு. கேடிஸ்ஃபிளை சாக்குக்குள் குதிக்க வேண்டும், ஸ்டோன்ஃபிளை நடுநடுவே தண்டால் எடுக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் ஸ்டோன்ஃபிளை புழு உண்மையிலேயே தண்டால் எடுப்பதுபோல உடம்பை ஆட்டும். துரத்துபவர் மாசு. பிடிபட்டவர் அட்டையைத் திருப்பிக்கொண்டு, மாசைத் தாங்கும் புழுவாக ஆட்டத்தைத் தொடர்வார்.

இதில் எனக்குப் பிடித்தது, ஆட்டம் முடியும்போதும் தலை எண்ணிக்கை குறைவதில்லை என்பது. கெட்டுப்போன ஆற்றில் உயிரே இருக்காது என்றுதான் நாம் நினைக்கிறோம். இருக்கும், ஏராளமாக இருக்கும், எல்லாம் ஒரே வகையாக இருக்கும். இதைச் சொல்லித் தரும் விளையாட்டு வேறு எனக்குத் தெரியாது. ஆனால் அட்டையைத் திருப்பும் அந்த ஒரு நொடி எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறது. "மேஃபிளை ரத்தப்புழுவா மாறிடுச்சு" என்றான் ஒரு பையன். மாறவில்லை, செத்துப்போனது. அந்த இடத்தில் வேறொன்று பெருகியது. சாவைத் தழுவலாக எண்ணிக்கொண்டால் கவலைப்பட எதுவுமே இல்லையே. பிடிபட்டவர் உட்கார்ந்துவிட, வரிசையில் நிற்கும் இன்னொருவர் புழுவாக உள்ளே வந்தால் போதும், சரியாகிவிடும்.

முதல் விளையாட்டுக்கு என்ன செய்யலாம்? ஆசிரியையிடம் பேசினேன். "சார், நீங்களே செஞ்சு காட்டுங்க" என்று ஒரு பீரியட் கொடுத்தார். ஒரு வாளியில் பத்து லிட்டர் தண்ணீர், சமையல் உப்பு, வீட்டு ஆர்.ஓ.வுக்கு வைத்திருக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர். வீட்டுக்காரர் ஒரு கிராம் உப்பு போடுவார், பட்டறைக்காரர் பத்து கிராம். எண்கள் நானாக வைத்தவை. விகிதம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பத்து லிட்டரில் பத்து கிராம் என்றால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம். மேலே ஒருவர் முதலிலேயே ஐந்து லிட்டரை எடுத்துவிட்டால் அதே பத்து கிராம் 2000 ஆகிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500. வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. உப்பை ஒரு சிட்டிகைகூடக் கூட்டாமல், தண்ணீரை எடுத்தே ஆற்றைக் கெடுக்கலாம் என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள்.

பட்டறைக்காரராக நின்ற பெண்ணை எல்லோரும் திட்ட ஆரம்பித்தார்கள். அவள் விடவில்லை. "நீங்க போட்டிருக்கிற கலர் பனியனுக்குத்தான் நான் சாயம் போடறேன்" என்றாள். வகுப்பே கப்சிப். இதை எந்த எடையில் சேர்ப்பது என்று எனக்கும் பிடிபடவில்லை. அடுத்த முறை பனியன் வாங்குபவருக்கும் ஒரு நிலத்துண்டு கொடுக்க வேண்டும்.

கடைசியில் நின்றவன் மீட்டரைப் பார்க்கவே இல்லை. வாளியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சார், எனக்கு ரெண்டு சொம்புகூட வரலையே" என்றான்.