வீடு தந்தவளும் வேவுகாரரும்: சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ குறித்து ஓர் இறையியல் பார்வை

துப்பறியும் கதைகளையும் அறிவியல் புனைகதைகளையும் இறையியல் மாணவர் பாடநூலுக்குள் மறைத்து வாசிப்பதே வழக்கம். அவற்றுள் சில மறைக்கத் தகாதவை என்பது நம் கருத்து. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ அத்தகையது. வேவும் சதியும் நிறைந்த கதையாயினும், விக்கிரகம், அதிகாரம், வாக்குறுதி என்னும் திருமறைப் பொருள்கள் மூன்றையும் அது தொடுகிறது.

எடப்பாடியில் விசைத்தறித் தொழில் செய்வோர் சிலரோடு அண்மையில் இக்கதையை வாசித்தோம். வாசித்து முடிந்ததும், தார் சுற்றும் தாய் ஒருவர், “ஏனுங்க ஐயா, வீட்டைத் தொறந்து உட்ட புள்ளைக்குக் கடைசில என்னங்க கெடச்சுது?” என்று கேட்டார். இக்கட்டுரை அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே.

கதை நிகழ்வது 2020-களின் தொடக்கத்து இந்தியாவில். ஜீவா என்னும் தனியாள் நாட்டை ஆள்கிறான். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ எனப் பெயர்கள்கூட இரண்டெழுத்துக்குள் சுருங்கிவிட்டன. எழுதப்பட்டபோது இது எதிர்காலக் கதை. அவ்வாண்டுகள் இன்று கடந்துவிட்டன. ஆகவே நமக்கு அது நம் உலகுக்குப் பக்கத்தில் ஓடும் ஓர் இணை உலகமாகிவிட்டது. நாம் சென்றிருக்கக்கூடிய, ஆனால் செல்லாத மறுபாதை எனலாம். இறைவாக்கினரின் எச்சரிப்பும் இவ்வாறானதே. நினிவே அழியாததால் யோனாவின் வாக்கு பொய்த்ததென நாம் கொள்வதில்லை. ‘நடக்கவில்லையே’ என்று இக்கதையைத் தள்ளுவோர், எச்சரிப்பைச் சோதிடமாக மயங்குகின்றனர்.

எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய சுஜாதா (1935–2008) பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்து, வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். மக்களின் வாக்கை எண்ணும் பொறிக்கு உழைத்தவரே மக்களின் குரல் எடுபடாத ஒரு நாட்டையும் கற்பனை செய்தார். இயந்திரம் இருபுறமும் கூரான வாள் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

கதையின் நடுவே வெளிப்படும் மறைபொருள், ஜீவா என்றொரு மனிதனே இல்லை என்பது. நாடு வணங்கிய தலைவன் ஒளியால் ஆக்கப்பட்ட முப்பரிமாண உருவமே. தானியேல் நூலில் தூரா சமவெளியில் நின்ற பொற்சிலை பேசவில்லை; அதற்காக இசைக்கருவிகள் முழங்க வேண்டியிருந்தது. வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்திலோ சிலையே பேசுகிறது. ஜீவா இந்த இரண்டாம் வகையினன். 2018-இல் மறைந்த மு. கருணாநிதி அவர்கள், 2024 ஜனவரியில் நிகழ்ந்த நூல் வெளியீட்டு விழாவொன்றில் கணினி ஆக்கிய உருவமாகத் திரையில் தோன்றிப் பேசினார். அதை ஆக்கியோர் அதனை மறைக்கவில்லை. எனினும் பேசும் உருவம் இன்று நம் ஊர்த் திரைக்கும் எட்டிய பொருள் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

ஆயினும் கதையின் ஆழம் இவ்விரகசியத்தில் இல்லை, நிலாவிடம் உள்ளது. கணவன் சிபி காணாமற்போகிறான். அவள் வீட்டில் தங்க வருகிறான் ரவி. அவனோடு ஜீனோ என்னும் இயந்திர நாய். ரவி ஜீவாவை வீழ்த்த முனையும் மறைமுக இயக்கத்தினன். கணவனைத் தேடும் ஏக்கமே அப்பேதையைச் சதிக்குள் ஈர்க்கிறது.

இங்கே எரிகோவின் ராகாபை நினையாதிருக்க இயலுமா? அவளும் வேவுகாரருக்கு வீடு தந்தவள். சணல் தட்டைகளுக்குள் அவர்களை ஒளித்துவைத்தவள். அரசனின் ஆட்கள் வாசலில் நின்றபோதும் அவள் காட்டிக்கொடுக்கவில்லை. மதில் இடிந்த நாளில் சன்னலில் தொங்கிய சிவப்பு நூல் மறக்கப்படவில்லை. யோசுவா அதே இருவரையே அனுப்பி, அவளையும் அவள் வீட்டாரையும் வெளியே கொணர்ந்தான். எரிகோவின் வீழ்ச்சி நம் மனச்சான்றை உறுத்தும் நிகழ்ச்சியே. எனினும் வீடு தந்த பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு அங்கே காக்கப்பட்டது.

ரவியோ காக்கவில்லை. ஜீவாவின் பொய் வெளிப்பட்டபின் அதிகாரம் மக்களிடம் திரும்பவில்லை. ரவியும் மனோவும் அதைத் தம் கையில் வைத்துக்கொள்கின்றனர். நிலா அரசியாக்கப்படுகிறாள், அவள் பெயரால் அவர்களே ஆள்கின்றனர். எடப்பாடித் தாயின் கேள்விக்கு விடை இதுவே: அவளுக்குக் கிடைத்தது சிலையின் பீடம். பொய் உருவம் அகன்ற இடத்தில் உயிருள்ள பெண்ணையே உருவமாக நிறுத்திவிட்டனர். ஒருவரைக் கருவியாகக் கொண்டு பெறும் விடுதலை அவரை மற்றொரு விக்கிரகமாக்கி முடிகிறது என்பதை, சமயச் சொல் ஒன்றும் கையாளாமலே சுஜாதா காட்டிவிட்டார்.

இனி, நாம் குறையெனக் கருதுவதையும் சொல்ல வேண்டும். கதையில் மனச்சான்றோடு நடப்பது புத்தகம் வாசிக்கும் ஜீனோவே. தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’விலும் நிலாவுக்குத் துணை நிற்பது அந்நாயே. விசைத்தறியில் ஜக்கார்டு அட்டையை அறிந்தவர் இதை எளிதில் ஏற்கமாட்டார். அட்டையில் எங்கே துளையிட்டோமோ அங்கேதான் பூ விழும். 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சில் உருவான அந்தத் துளை அட்டையே கணினி அட்டைக்கும் முன்னோடி. ஜீனோவோ துளையிடாத பூவை நெய்கிறது. அதன் குறும்பும் அன்பும் நம்மைக் கவர்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்த அன்பு மனிதரிடையே ஏன் பூக்கவில்லை? இக்கதையின் மக்கள் கூட்டமாகத் திரள்கின்றனர். ஒருவரையொருவர் தாங்கும் சமூகமாகக் கூடுவதில்லை. அண்டை வீட்டார் கதவைத் தட்டி, “உன் கணவன் எங்கே?” என்று கேட்டிருந்தால் ஜீவாவின் ஆட்சி சற்றே ஆட்டங்கண்டிருக்கும்.

இக்குறை ஆசிரியருடையது மட்டுமன்று, நம்முடையதுமாகும். திருச்சபையிலும் சுவரொட்டியளவு பெரிதாகும் தலைவர்களை நாம் விரும்புகிறோம். ஒருவர் வீழ்ந்தால் அப்பீடத்தை அகற்றாமல் அடுத்தவரைத் தேடுகிறோம். அரசன் வேண்டுமென்று சாமுவேலிடம் வற்புறுத்திய மூப்பரின் குரல் இன்னும் ஓயவில்லை. நம் போராட்டங்களில் வீடு திறந்தவரும், சோறு பொங்கியவரும், காவல் நின்றவரும் வெற்றிக்குப்பின் எங்கே இருக்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பது நலம். சிவப்பு நூலைச் சன்னலில் கட்டினவள் அதை நம்பியே காத்திருந்தாள். அந்த நூலைக் கண்டு திரும்பி வருகிறவர்களாக நாம் இருக்கிறோமா?