எல்லையில் நிற்கிற சாமி

லிங்கி ஆற்றின் ஒரு கரை நெகிரி செம்பிலான், கடலை நெருங்கும்போது மறுகரை மலாக்கா. சுங்கை ஊஜோங்கின் ஈயம் ஒரு காலத்தில் இந்த ஆற்றில்தான் படகேறிப் போனது. 20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் பால்மரம் வந்தது. லண்டனில் பதிவான லிங்கி பிளாண்டேஷன்ஸ் போன்ற கம்பெனிகளுக்காகக் கங்காணிகள் கூட்டிவந்த சனத்தோடு சாமிகளும் வந்து இறங்கின. மலாயாத் தோட்டங்களில் பொதுவாகக் கண்ட அமைப்பு இது: தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன், காடு தொடங்குகிற விளிம்பில் ஒரு கல், ஒரு சூலம், முனியாண்டி. வீட்டில் வருகிற நோய்க்கு அவள், வெளியே நிற்கிற ஆபத்துக்கு இவர்.

இந்தச் சாமிகளைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியது கொஞ்சமல்ல. 1970இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. சி. அரசரத்தினத்தின் நூல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியரின் வரலாற்றை விரிவாகச் சொன்னது. ரவீந்திர கே. ஜெயின் ஒரே தோட்டத்தில் தங்கி, அதற்குப் ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் சூட்டி, அங்குள்ள வாழ்க்கையை எழுதினார். பின்னர் 2005இல் வினிதா சின்ஹா சிங்கப்பூரின் முனீஸ்வரன் வழிபாட்டைத் தனி நூலாக்கினார். இவற்றை வாசித்தால் கோயில் யார் கையில் இருந்தது, ஊர்ச்சாமி எப்படி ஆகமச் சாமியாக மாறியது என்பது தெளிவாகும். விடியாத இருட்டில் வாளியும் வெட்டுக்கத்தியுமாக நிரைக்குள் நுழைகிற பெண்ணின் மனசில் அந்தச் சாமி என்னவாக இருந்தது என்ற கேள்விக்கு மட்டும் இவற்றில் பிடிமானம் குறைவு. குற்றமாகச் சொல்லவில்லை, அவர்கள் தேடிப்போனது வேறு.

அந்தப் பெண்ணின் மனசில் பயம் இருந்ததற்குக் காரணம் உண்டு. பாம்பு, புலி, எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்ச்சல். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் 1897இல் கண்டுபிடித்தார். மலாய் மாநிலங்களில் அதைத் தடுக்கும் வழிகளை மால்கம் வாட்சன் 1911இல் நூலாக்கினார். காரணம் தெரிந்த பிறகும் லயங்களில் சாவு ஓய்ந்துவிடவில்லை. சுரம் கண்ட பிள்ளையின் தலையைச் சுற்றி, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பாள் தாய். இதை ‘எல்லாம் அவன் செயல்’ என்ற சரணாகதியோடு சேர்த்துவிடுவது நம் கட்டுரையாளர்களின் பழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டுதல் என்பது இரு தரப்புப் பேச்சு. நீ காப்பாற்று, நான் சேவல் தருகிறேன், பால்குடம் எடுக்கிறேன். காப்பாற்றாவிட்டால் சாமியோடு சண்டையும் உண்டு. ‘உனக்குக் கண்ணில்லையா’ என்று கேட்பவள் நம்பிக்கை இழந்தவளல்ல. எதிரில் ஆள் இருக்கிறது என்று நம்பினால்தானே திட்ட முடியும்!

லிங்கிக்குப் பக்கத்துப் பெங்காலான் கெம்பாஸில் 1467ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டோடு ஒரு பழைய கல்லறை இருக்கிறது. அங்குள்ள கற்களில் ஒன்றில் துளை உண்டு. பொய்ச்சத்தியம் செய்தவன் கையை அது இறுக்கிப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. மலாய்க்காரர்களின் அந்தக் கல்லும் நம் மஞ்சள் துணியும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம் என்றே நினைக்கிறேன்.

புனைகதைக்காரர்கள் வேறு வாசலால் நுழைந்தார்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் - பர்மா ரயில் பாதைக்காகத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் தண்டவாளங்கள் இணைந்தன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகிய நாவல்கள் அந்தப் பாதையிலிருந்து பிறந்தவை. எல்லைச்சாமியின் எல்லை தோட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டிக் கொண்டுபோகப்பட்டவனை யார் காப்பது? இந்த நாவல்களை வாசிக்கையில் என்னை விடாமல் தொடர்கிற கேள்வி இதுதான். போனவன் கதை எழுதப்பட்ட அளவுக்கு, லயத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு, ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டவளின் கதை எழுதப்படவில்லை. காத்திருப்பில் சம்பவம் இல்லை என்பதால் நாவலாசிரியர் தயங்கியிருக்கலாம். என் கணக்கில் இந்த வகை எழுத்தின் பெரிய பள்ளம் அதுதான். ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவல் தெய்வத்தை அலங்காரமாக ஓரத்தில் நிறுத்தாமல் கதையின் நடுவுக்கே கொண்டுவந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பிறகு முறை மாறியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. காவல் நின்ற சாமிக்கே நிற்க இடமில்லை. 2007 அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்து உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் பேரணி. தோட்டம் இழந்தவர்களையும் இடிபட்ட கோயில்களையும் பற்றிய ஆண்ட்ரூ வில்ஃபோர்டின் 2014 நூல் இந்தப் பதற்றத்தைக் கூர்ந்து கேட்கிறது. அம்மா எங்களைப் பார்த்துக்கொள்வாள் என்றிருந்த சனம், அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று கவலைப்படத் தொடங்கியது.

ஆய்வாளரும் நாவலாசிரியரும் எழுதாமல் விட்ட அந்தப் பெண்களின் நம்பிக்கைக்கான சான்றுகள் வேறு இடத்தில் கிடக்கின்றன: திருவிழா வரவு செலவு நோட்டுகளில், உபயக்காரர் பட்டியல்களில், மஞ்சள் தடவிய அழைப்பிதழ்களில். மரம் போய், லயம் போய், தொரை பங்களாவும் போன பிறகும் அழைப்பிதழில் அம்மனின் பெயருக்குக் கீழே பழைய தோட்டத்தின் பெயரைத்தான் அச்சடிக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் சிரம்பானிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பிள்ளைகள் கார் ஓட்டி வருகிறார்கள்.