ஹம்மாமும் நம் மறதியும்

ஹம்மாம் என்றதும் அரண்மனைச் சுகபோகத்தையே நம் வரலாற்று நூலோர் பலர் நினைவுகூர்கின்றனர். இப்பார்வை குறையுடையது என்பது எம் கருத்து. ஆக்ராவின் சீப்பீடோலாப் பகுதியில், ஜஹாங்கீர் ஆட்சிக்காலத்தில், 1620இல் அலீவர்தி கான் செங்கல்லாலும் செம்மணற்கல்லாலும் எழுப்பிய ஹம்மாம், நகர மக்களுக்கான பொதுக் குளியலகமாகும்.

ரோமானியக் குளியலகத்தின் நகலே ஹம்மாம் என்பாரும் உளர். தரைக்கடியில் வெப்பம் செலுத்தும் முறை அங்கிருந்து வந்ததே. ஆயினும் பலர் ஒருங்கே மூழ்கிய உட்குளத்தை ஹம்மாம் பெரும்பாலும் கைவிட்டது; தொட்டி நீரை மொண்டு ஊற்றிக்கொள்வதே அங்கு வழக்கமாயிற்று. ஓடும் நீரை மேலாகக் கருதிய தூய்மையுணர்வே இதற்குக் காரணம் எனலாம். துருக்கியின் பூர்ஸா நகரில் ருஸ்தம் பாஷா 1552இல் கட்டிய யெனி கப்லிஜாவில் குவிமாடத்தின் கீழ்க் குளம் உண்டு. அதற்கு நீர் தருவதோ இடையறாது சுரக்கும் வெந்நீரூற்று!

இச்சிந்தனை நமக்கும் அந்நியமன்று. தேங்கிய நீர் எவ்வளவு இருந்தால் எளிதில் மாசுறாது என ஷாஃபிஈ மத்ஹப் 'குல்லத்தைன்' அளவையும், ஹனஃபி மத்ஹப் பத்துக்குப் பத்து முழத்தையும் வகுத்தன. ஆழ்வார்பேட்டைக்குச் சற்று வடக்கே, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் ஹவுளில் ஒளூச் செய்வோர் அந்த மரபின் வாரிசுகளே.

2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஆக்ரா ஹம்மாம் இடிபடத் தொடங்கியது. அதனைக் காக்குமாறு அலகாபாத் உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. பொதுமக்களின் உடைமையை மன்னர் ஆடம்பரமென்று நாமே எழுதிவைத்தால், அது இடிபடும்போது தமதெனத் தடுக்க எவர் முன்வருவர்?