பாஸ்டன் பாணி, லாஸ் ஏஞ்சலீஸ் பாணி

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் முப்பது அணிகள் ஆடுகின்றன. 1947 முதல் 2025 வரை வழங்கப்பட்ட பட்டங்கள் 79. அவற்றில் 35 இரண்டே அணிகளிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன: பாஸ்டன் செல்டிக்ஸிடம் 18, லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸிடம் 17. இவை இரண்டும் இறுதித் தொடரில் நேருக்கு நேர் நின்றது 12 முறை. அதில் 9 முறை வெற்றி பாஸ்டனுக்கு. லேக்கர்ஸ் ரசிகரிடம் இந்தக் கடைசிக் கணக்கை எடுத்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

ஒரே கிருதியை இரண்டு பரம்பரைக்காரர்கள் பாடினால், எது யாருடைய பிடி என்று கேள்வி ஞானம் உள்ளவர் சொல்லிவிடுவார். இந்த இரு அணிகளுக்கும் அப்படித் தனித்தனிப் பாணி உண்டு என்பது விளையாட்டுப் பத்திரிகைகள் பல காலமாக ஒப்பித்துவரும் வாய்பாடு. பாஸ்டன் என்றால் வியர்வை, கட்டுப்பாடு, ஐவரும் ஒருவராக ஆடுவது. லாஸ் ஏஞ்சலீஸ் என்றால் ஹாலிவுட், ஜிகினா, தனி நட்சத்திரம். வாய்பாடு முழுப் பொய்யில்லை. ஆனால் யார் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று தோண்டிப் பார்த்தால் பாதி தலைகீழாகிவிடுகிறது.

லேக்கர்ஸின் பிறந்த வீடு கலிஃபோர்னியா இல்லை. ஏரிகளுக்குப் பேர்போன மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரம். அங்கே 1949 முதல் 1954க்குள் ஐந்து பட்டங்களை வாரினார்கள். காரணம் ஜார்ஜ் மைக்கன். 6 அடி 10 அங்குல உயரமும் மூக்குக்கண்ணாடியுமாகக் கூடைக்கடியில் போய் நின்றுகொள்வார். பந்து அவர் கைக்குப் போனால் தோளால் இடம் பண்ணிக்கொண்டு திரும்பிப் போட்டுவிடுவார். அவரை வெளியே தள்ளுவதற்காகவே 1951இல் கூடைக்கு முன்னால் இருக்கும் கட்டத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலமாக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி வேறு வழி கண்டது. மைக்கனிடம் பந்தே போகாமல் தாங்களே கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தி, 19-18 என்று ஜெயித்தது. லீக் வரலாற்றிலேயே மிகக் குறைந்த ஸ்கோர் அதுதான். பந்து கிடைத்த 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954இல் வந்ததற்கு இப்படிப்பட்ட ஆட்டங்களே காரணம். ஆக, நிதானம், உயரம், கூடைக்கடியில் ஆதிக்கம் என்பதுதான் லேக்கர்ஸின் மூலப் பாடம். ஜிகினா அப்போது வரவில்லை.

ஓட்டத்தைக் கொண்டுவந்தது பாஸ்டன். 1950இல் பயிற்சியாளராக வந்த ரெட் ஆர்பாக், எதிரணி திரும்பி நிலைகொள்வதற்குள் பாய்ந்து போய்ப் போட்டுவிடும் ஃபாஸ்ட் பிரேக்கைப் பாடத்திட்டமாகவே ஆக்கினார். பந்தை ஓட்டிச் செல்ல பாப் கூசி இருந்தார். முதுகுக்குப் பின்னாலும் பக்கம் பார்க்காமலும் பாஸ் கொடுப்பவர். குறை ஒன்றுதான்: பந்தைப் பறித்துத் தர ஆள் இல்லை. 1956இல் பில் ரஸல் வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது.

ரஸலின் வித்தை எது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். எதிராளி எறியும் பந்தைத் தடுப்பவர்கள் பெரும்பாலும் அதைப் பார்வையாளர் பகுதிவரை ஓங்கி அடிப்பார்கள். கைதட்டல் கிடைக்கும், ஆனால் பந்து மறுபடி எதிரணிக்கே போகும். ரஸல் அப்படி அடிக்கமாட்டார். தட்டுவார். தட்டிய பந்து ஆடுகளத்துக்குள்ளேயே தன் அணியினர் யாராவது ஒருவர் கையில் விழும். அங்கிருந்து கூசிக்கு ஒரு பாஸ், அடுத்த மூன்று வினாடியில் மறுமுனையில் இரண்டு புள்ளி. தடுப்பே தாக்குதலின் முதல் அடியாக மாறியது. 13 ஆண்டு ஆடி 11 பட்டம் பெற்றார். ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்?

ஆர்பாக் இன்னொரு வழக்கத்தையும் நிலைநாட்டினார். நல்ல ஆட்டக்காரர் ஒருவரை முதல் ஐவரில் சேர்க்காமல் வெளியே உட்காரவைத்து, எதிரணி களைக்கும்போது இறக்குவார். ஃபிராங்க் ராம்ஸியில் தொடங்கி ஜான் ஹாவ்லிசெக், பிற்பாடு கெவின் மக்ஹேல் என இந்த ‘ஆறாவது ஆள்’ பதவி பாஸ்டனில் ஒரு கௌரவமாகவே கைமாறியது. நிறவெறிக்குப் பேர்போன நகரத்தில் அவர் செய்த தேர்வுகளும் சாதாரணமானவையல்ல. லீக்கில் டிராஃப்ட் எனும் ஆண்டுத் தேர்வு மூலம் எடுக்கப்பட்ட முதல் கறுப்பின வீரர் 1950இல் செல்டிக்ஸ் எடுத்த சக் கூப்பர். 1964 டிசம்பர் 26 அன்று ஐந்து கறுப்பின வீரர்களை முதல் ஐவராக இறக்கிய முதல் அணியும் அதுவே. 1966இல் கறுப்பினத்தவரான ரஸலையே பயிற்சியாளராக்கியபோது அமெரிக்கப் பெரிய லீக்குகளில் அப்படி ஒரு நியமனம் நெடுங்காலமாக நடந்ததில்லை.

1960இல் லாஸ் ஏஞ்சலீஸுக்குக் குடிபெயர்ந்த லேக்கர்ஸில் எல்ஜின் பெய்லரும் ஜெர்ரி வெஸ்டும் இருந்தார்கள். அழகு, திறமை, கண்ணீர் மூன்றும் அந்தப் பத்தாண்டில் அவர்களுக்குத் தாராளமாக வாய்த்தன. 1962 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், பாஸ்டன் மண்ணிலேயே, பெய்லர் 61 புள்ளி எடுத்தார். ராணுவ ரிசர்வ் பணியில் இருந்துகொண்டே, விடுப்பு கிடைத்தபோது வந்து ஆடிய சீசன் அது. ஏழாவது ஆட்டம் 100-100 என்று நிற்கையில் ஃபிராங்க் செல்வி கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் வென்றது. அன்று ரஸல் எடுத்த ரீபவுண்டு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றியது, 40.

ஆனால் 1969ஐ விடக் கசப்பானது எதுவும் இல்லை. வில்ட் சேம்பர்லினும் சேர்ந்திருந்த லேக்கர்ஸ் அசுர பலத்தோடு நின்றது. செல்டிக்ஸோ வயதாகி, தங்கள் பிரிவில் நான்காவதாகத் தட்டுத்தடுமாறி உள்ளே வந்தவர்கள். ஏழாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலீஸ் ஃபோரம் அரங்கில். வெற்றி நிச்சயம் என்று நம்பிய உரிமையாளர் ஜாக் கென்ட் குக் கூரையில் பலூன்களை வலைபோட்டுக் கட்டிவைத்தார். வென்றதும் பலூன் விழும், பேண்டு வாசிக்கும், இன்னின்னாரிடம் பேட்டி எடுக்கப்படும் என்று நிகழ்ச்சி நிரலே அச்சாகியிருந்தது. அந்தத் தாள் ரஸல் கைக்குக் கிடைத்தது. தன் ஆட்களிடம் அதைக் காட்டியதற்குமேல் அவர் பெரிதாக எதுவும் பேசத் தேவைப்பட்டிருக்காது. கடைசிக் கட்டத்தில், ஹாவ்லிசெக்கிடமிருந்து தட்டிவிடப்பட்ட பந்து டான் நெல்சன் கையில் போய் விழ, அவர் எறிந்தது வளையத்தின் பின்விளிம்பில் மோதி உயரே எழும்பி, நேராகக் கூடைக்குள் இறங்கியது. 108-106. பலூன்கள் கூரையிலேயே கிடந்தன. அந்த நெல்சன், லேக்கர்ஸ் வேண்டாமென்று விட்ட ஆட்டக்காரர். அன்று 42 புள்ளி, 13 ரீபவுண்டு, 12 அசிஸ்ட் (கூடை விழ உதவும் பாஸ்) எடுத்த வெஸ்டுக்குத் தொடரின் சிறந்த வீரர் பட்டம் தரப்பட்டது. அந்தப் பட்டம் அறிமுகமான முதல் ஆண்டு அது. தோற்ற அணிக்காரருக்கு அது போனது அந்த ஒருமுறைதான்.

இந்தச் சாபத்தைத் தீர்த்தவர் பாஸ்டன்காரர் ஒருவர் என்பது பலருக்கும் தெரியாது. பில் ஷார்மன், செல்டிக்ஸில் கூசியோடு ஆடி நான்கு பட்டம் கண்டவர். 1971இல் லேக்கர்ஸ் பயிற்சியாளரானார். உதவிக்கு இன்னொரு முன்னாள் செல்டிக், கே.சி. ஜோன்ஸ். ஆட்ட நாளில் காலையிலேயே போய் லேசாக எறிந்து பழகும் வழக்கத்தை ஷார்மன் கொண்டுவந்தார். பிற்பாடு அது மற்ற அணிகளுக்கும் பரவியது. புள்ளி குவிப்பதற்கே பேர்போன சேம்பர்லினை, ரஸல் செய்ததைச் செய்யச் சொன்னார்: தடு, ரீபவுண்டு எடு, பாஸ் கொடு. விளைவு, தொடர்ந்து 33 வெற்றிகள், 1972இல் லாஸ் ஏஞ்சலீஸுக்கு முதல் பட்டம். முழங்கால் ஒத்துழைக்காத பெய்லர் அந்த சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அந்த 33இன் முதல் வெற்றி அவர் போனபின் நடந்த அடுத்த ஆட்டத்திலேயே வந்தது.

1979க்குப் பிறகு நடந்தது உலகமறிந்த கதை. கல்லூரி இறுதிப் போட்டியில் மோதிய மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் ஆளுக்கொரு பக்கம் வந்து சேர்ந்தார்கள். லேக்கர்ஸின் புதிய உரிமையாளர் ஜெர்ரி பஸ் அரங்கத்தை நட்சத்திர விழாவாக்கினார். ‘ஷோடைம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆட்டத்தை மட்டும் பாருங்கள். ரீபவுண்டு, மேஜிக்குக்குப் பாஸ், இரு ஓரத்திலும் ஓட்டம், பக்கம் பார்க்காத கடைசிப் பாஸ். ஆர்பாக்கும் கூசியும் வகுத்த அதே பாடம், ஊதாவும் பொன்னும் உடுத்தி வந்தது. அந்தப் பக்கம் பாஸ்டனோ பேர்டு, மக்ஹேல், ராபர்ட் பாரிஷ் என மூன்று நெடியவர்களை வைத்து நிதானமாக, கூடைக்கடியில் ஆடியது. முதுகைக் காட்டி நின்று, தோளை இப்படியும் அப்படியும் அசைத்து எதிராளியை ஏமாற்றும் மக்ஹேலின் கால்வேலை, பாஸ்டனின் சொந்தச் சொத்தைவிட மைக்கன் வழிக்கு நெருக்கமானது. எண்பதுகளில் இரண்டு பள்ளிகளும் பாடப்புத்தகத்தை மாற்றிக்கொண்டன என்றே சொல்லலாம்.

1984 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில், ஃபாஸ்ட் பிரேக்கில் பாய்ந்துவந்த கர்ட் ராம்பிஸின் கழுத்தில் மக்ஹேல் கைபோட்டுக் கீழே சாய்த்தார். அழகான காரியமில்லை; இன்றானால் வெளியேற்றியிருப்பார்கள். அதன்பின் லேக்கர்ஸின் ஓட்டம் தயங்கியது, தொடர் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனிடம் போனது. குளிர்சாதனம் இல்லாத பாஸ்டன் கார்டனில் ஐந்தாவது ஆட்டம் ஏறத்தாழ 36 டிகிரி வெப்பத்தில் நடந்தது. லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜபார் ஆக்சிஜன் முகமூடி போட்டு மூச்சு வாங்கினார். பேர்டு 34 புள்ளியும் 17 ரீபவுண்டும் எடுத்தார்.

மறுஆண்டு முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸ் 148-114 என்று உதை வாங்கியது. 38 வயது கரீமை முடிந்துபோனவர் என்றார்கள். தோற்ற ஆட்டத்தின் படத்தைப் பயிற்சியாளர் பேட் ரைலி போட்டுக் காட்டியபோது கரீம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளி, 17 ரீபவுண்டு, 8 அசிஸ்ட். ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டன் கார்டனிலேயே கோப்பையை எடுத்தார்கள். அதற்குமுன் எட்டு இறுதித் தொடர்களில் பாஸ்டனிடம் தோற்றிருந்த அணி அது. 1987இல் மேஜிக் தலைக்குமேல் ஒரு கையால் வளைத்துப் போட்ட சின்ன ‘ஸ்கை ஹூக்’ இன்னொரு வெற்றி தந்தது.

அந்நாளில் இதை வெள்ளையர் அணிக்கும் கறுப்பர் அணிக்குமான சண்டையாகச் சிலர் வளர்த்தார்கள். 1984, 1986 பட்டங்களை பாஸ்டனுக்கு வென்று தந்த பயிற்சியாளர் கறுப்பினத்தவரான கே.சி. ஜோன்ஸ் என்பதையும், 1985 கோடையில் ஒரு ஷூ விளம்பரத்துக்காகப் பேர்டின் வீட்டுக்குப் போன மேஜிக் அங்கிருந்து நண்பராகத் திரும்பினார் என்பதையும் அவர்கள் சௌகரியமாக மறந்தார்கள்.

2008இல் கார்னெட், பியர்ஸ், ஆலன் மூவரோடு பாஸ்டன் லேக்கர்ஸுக்கு எதிரான இறுதித் தொடரை ஆறாவது ஆட்டத்தில் 131-92 என்று முடித்தது. 2010இல் லேக்கர்ஸ் பழிதீர்த்த விதம்தான் சுவையானது. ஏழாவது ஆட்டத்தில் கோபி பிரயன்ட் எறிந்த 24இல் 6 மட்டுமே உள்ளே போனது. ஆனால் 15 ரீபவுண்டு எடுத்தார். பாவ் கசோல் 18. 13 புள்ளி பின்தங்கியிருந்து 83-79 என்று வென்றார்கள். எறிதல் கைவிட்ட இரவில் ரீபவுண்டையும் தடுப்பையும் பிடித்துக்கொண்டு கரையேறுவது ரஸல் பள்ளியின் பாடம்.

தரம் என்ற ஒன்றில் மட்டும் இரு வீட்டுக்கும் வேறுபாடு இல்லை. பிரிவு வெற்றிக்கெல்லாம் அரங்கில் கொடி ஏற்றமாட்டார்கள். பட்டக் கொடிக்கே அங்கே மதிப்பு. இறுதித் தொடரில் பாஸ்டனிடம் ஆறு முறை தோற்ற ஜெர்ரி வெஸ்ட், பிற்காலத்தில் நிர்வாகியாக லேக்கர்ஸுக்குப் பல கொடிகள் சேர்த்தார். 2024 ஜூன் 12 அன்று அவர் காலமானார். ஐந்து நாள் கழித்து பாஸ்டன் தன் 18ஆவது பட்டத்தை வென்று, லேக்கர்ஸை ஒன்று முந்தியது.

பழைய ஆட்டங்களைப் பார்க்க நினைக்கும் வாசகர்களும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தரும் ஆசிரியர்களும் சாகசத் துணுக்குகளை விட்டுவிட்டு முழு ஆட்டங்களைப் பாருங்கள். முதலில் 1984இன் நான்காவது ஆட்டம், அடுத்து 1985இன் ஆறாவது, கடைசியாக 2010இன் ஏழாவது. மூன்றாவது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இராது. பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாதவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.